மாதிரிச் சிப்பியும் மாதிரிக் கைபேசியும்

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்காலத்தில், குளிப்பை அறிவிக்குமுன் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துகளுக்கு விலை மதிப்பிடுவர். பின்னர், திறவாத சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். வாங்கியவர் நட்டப்படுவதும் உண்டு. எனினும் அதனை வஞ்சனை என்பதற்கில்லை. உள்ளிருப்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

2016 பிப்ரவரியில் நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம், 251 ரூபாய்க்குத் திறன்பேசி தருவதாக விழா எடுத்து அறிவித்தது. அங்கு வழங்கிய மாதிரிகள் சிலவற்றில், அட்காம் என்ற வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. மக்களின் பேராசையே குற்றம் என்று தீர்ப்புக் கூறியவர்களும் உண்டு. எளிய தீர்ப்புத்தான்! திறன்பேசியைக் கடைக் கண்ணாடிக்குள் மட்டுமே கண்ட ஏழை மாணவன் 251 ரூபாயை எடுத்து வைத்தால், அதற்குப் பெயர் பேராசையா?

பொருள் இன்னும் உருவாகாத நிலையில், வாங்குபவர் நம்புவதற்கு மாதிரியன்றி வேறேது? சொன்ன விலையில் செய்ய இயலாமற் போவது வணிகத் தோல்வி, அதைப் பொறுக்கலாம். ஆனால் அந்த வெள்ளை மையைப் பூசியவருக்கு, அது தம் பொருளன்று என்பது தெரிந்தே இருந்தது.