சிவப்பு மிரட்டாத ஊர்

பயமுறுத்தி நல்லது செய்ய வைக்கும் விளம்பரத்துக்குச் சிவப்பு மை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவகாசியில் அந்தக் கணக்கு எடுபடாது. இங்கே அச்சாகும் பட்டாசு லேபிளைப் பாருங்கள். மஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி விழுந்த செக்கச்சிவப்பு, நடுவில் லட்சுமி, சுற்றிலும் பொன்னிறம். பண்டிகை வந்துவிட்டது, வாங்கு என்று அழைக்கிற சிவப்பு அது. "கையில் பிடித்து வெடிக்காதீர்" என்ற வரியையும் அதே சிவப்பில், ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டால் அது அலங்காரத்தோடு அலங்காரமாகக் கரைந்துவிடும்.

நிறம் தனியாகப் பயத்தைச் சுமந்து வருவதில்லை. பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது, இதே நிறத்தை முன்பு எங்கே பார்த்திருக்கிறோம் என்பதுதான் விஷயம். குங்குமத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் சிவப்பைப் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. அதே சிவப்பு, பட்டாசு ஆலையின் வெள்ளைச் சுவரில் "தீப்பெட்டி கொண்டுவராதே" என்று நின்றால் காலைத் தடுக்கிறது. பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் அபாய வில்லையும் அப்படித்தான். ஆரஞ்சு நிறச் சாய்சதுரம், மேலே கறுப்பில் வெடித்துச் சிதறும் குண்டு. வெடிபொருளுக்கு ஐ.நா. வகுத்த அடையாளம் இது. பழுப்பு அட்டையில் அது தப்பாமல் கண்ணில் படும்.

சிகரெட் பெட்டியில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. 2016 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பெட்டியின் இரு முகங்களிலும் 85 சதவீதம் எச்சரிக்கைக்கே. படம் நான்கு வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐ துல்லியத்தில் இருக்க வேண்டும் என்றும் விதி. அச்சுக்காரருக்கு இதன் காரணம் புரியும்: மஜந்தா கொஞ்சம் குறைந்தாலே புற்றுப்புண் வெளிறி, வெறும் கறையாகிவிடும். ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் எதிர்த்திசையில் போனது. நிறுவனங்களின் வண்ணங்களை நீக்கி, எல்லாப் பெட்டிக்கும் சேற்றுப் பழுப்பைக் கட்டாயமாக்கியது. போட்டிக்கு வேறு நிறம் இல்லாதபோது எச்சரிக்கைப் படம் தனித்து நிற்கிறது.

ஆனால் பயம் மட்டும் போதாது. தப்பிக்க வழி காட்டாமல் மிரட்டினால் மனிதர் ஆபத்தை விட்டுவிட்டு விளம்பரத்தையே ஒதுக்குவார் என்று தொடர்பியல் ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் விளக்கினார். நம் புகையிலை விதிகளில் 2018இல் வந்த திருத்தம் அந்த வழியையும் சேர்த்தது: மிரட்டும் வாசகம் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து, பழக்கத்தை விட உதவும் தொலைபேசி எண் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. இந்தக் கறுப்பு எனக்கு ஒப்பவில்லை. அவசர வழிக்கும் முதலுதவிக்கும் உலகம் பச்சையைப் பழக்கி வைத்திருக்க, உதவிக்கு எதற்குத் துக்க நிறம்?

தீபாவளிப் பாதுகாப்புத் துண்டறிக்கையிலும் இதைத்தான் கேட்கிறேன். தீக்காயத்துக்குச் சிவப்பு இருக்கட்டும். பக்கத்தில் வைக்க வேண்டிய வாளித் தண்ணீருக்கும், நீட்டிப் பிடிக்கும் ஊதுவத்திக்கும் பச்சைக் கட்டம் போடுங்கள். சயானும் மஞ்சளும் ஏற்கெனவே இயந்திரத்தில் ஓடுகின்றன. தனி பிளேட் தேவையில்லை.