பழியும் விசாரணையும்

ஒரு மாணவன் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று மாணவி ஒருத்தி முறையிட்டால், அமெரிக்காவில் போலீஸும் கோர்ட்டும் ஒருபுறமிருக்க, கல்லூரியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. கல்வியில் ஆண் பெண் பேதம் கூடாதென்ற 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அரசாங்கப் பணம் பெறும் கல்லூரிகளுக்கு அது கடமை. பெண்ணைப் பெற்றவர் அவள் பக்கமும் பையனைப் பெற்றவர் அவன் பக்கமும் பேசுவர். இருவரையும் பெற்ற வீடுகளே நம்மில் அதிகம்; ஆகவே சற்று நிதானமாகவே இதைப் பார்ப்போம்.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து டாக்டர் ஒருவர், சிகிச்சை என்ற பெயரில் தகாத விதமாகத் தொட்டார் என்று 2014-ல் ஒரு பெண் புகார் செய்தாள். கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்கள் அனைவரும் அந்த டாக்டரை அறிந்த, அதே பல்கலைக்கழகத்தின் ஆட்கள். ‘முறையான வைத்தியமே’ என்று முடிந்தது. 2016 வரை பெண்பிள்ளைகள் அவரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். 2018-ல் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுச் சிறை; 332 பேரின் வழக்கைத் தீர்க்கப் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் தர இசைந்தது.

அதே மாநிலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன்மீது புகார். விசாரணை அதிகாரி மூன்று மாதம், 25 பேரைக் கேட்டு, குற்றம் நிரூபணமாகவில்லை என்றார். மேல்முறையீட்டுக் குழுவோ ஒரு மாணவரையும் அழைத்துக் கேளாமலே குற்றவாளி என்று மாற்றி எழுதிற்று. பட்டத்தை நெருங்கிய நிலையில் அவன் வெளியேறினான். யார் சொல்வது மெய் என்பதே வழக்காகும்போது குறுக்கு விசாரணை அவசியம், அவனே கேட்க வேண்டியதில்லை, அவன் சார்பில் ஒருவர் கேட்கலாம் என்று 2018-ல் மேல்கோர்ட் சொல்லிற்று. அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் அரசாங்க விசாரணைக்கும் பத்திரிகைகளின் கண்டனத்திற்கும் ஆளாகியிருந்ததையும் அது குறிப்பிட்டது.

ஓரிடத்தில் மறைத்தார்கள், மற்றோரிடத்தில் அவசரப்பட்டார்கள். இரண்டிலும் முன்னே நின்றது நிறுவனத்தின் பெயர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பையன்மீது பழி வந்தால் நம் வீடுகளில் உடனே யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எடுப்பார்கள். எடுப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சாட்சியானது அவர்களின் நற்பெயர் அல்ல, கிழிந்த சட்டை. முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வதே மெய் என்பதும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்பக்கம் கிழிந்திருந்தது. அத்தாட்சிகளைக் கண்ட பிறகும் அவர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஊர்ப் பேச்சை அடக்க என்பர் விளக்கவுரையாளர்.

குறுக்கு விசாரணை பாதிக்கப்பட்டவளை மறுபடி வதைக்கும், அதற்கஞ்சியே பலர் வாய் திறவார் என்பார்கள். அது வெறும் சாக்கல்ல. 2020-ம் ஆண்டு விதிகள் இதற்கு வழி வைத்தன: கேள்வியை ஆலோசகரே கேட்பார், வேண்டினால் இருவரும் தனித்தனி அறையில் இருக்கலாம், விசாரித்தவரே தீர்ப்பளிக்கக் கூடாது. 2024-ல் அவற்றை மாற்றினார்கள். 2025 ஜனவரியில் கோர்ட் அம்மாற்றத்தை ரத்துச் செய்ய, பழைய விதிகளே திரும்பின. ஆனால் தீர்ப்பளிப்பவர் அதே கல்லூரியில் சம்பளம் வாங்குபவராக இருப்பதை அவையும் தடுக்கவில்லை.