துணி வணிகன் கொடுத்த கற்படுக்கை

கட்டிலின் தலைமாட்டுக்குத் துணி போர்த்திய மெத்தைப் பலகையை வீட்டிலேயே செய்துகொள்வது கணியூர் பக்கத்தில் பெரிய வேலையல்ல. கட்டில் அகலத்துக்கு ஒரு பிளைவுட், அதன்மேல் இரண்டு அங்குல ஃபோம், அதற்கு மேல் துணி. துணியை நடுவிலிருந்து ஓரங்களுக்கு இழுத்து, பின்பக்கம் ஸ்டேப்பிள் கன்னால் பின் அடிக்க வேண்டும். மேல்துணி பனியன் துணியானால் இழுத்த பக்கமெல்லாம் வரும். அதனால் முதலில் ஒரு காடாத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டால் மேல்துணி தொய்யாது. திருப்பூர்த் துணி மண்டலத்தில் இதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை.

தலை சாய்க்க இத்தனை மெத்தென்ற இடம் தேவையா என்ற கேள்விதான் பழையது. கணியூருக்குத் தொலைவில்லாத ஐவர்மலையில், பழனி வட்டாரத்தில், அந்தக் கேள்விக்கு உடலாலேயே பதில் சொன்ன சமணத் துறவிகள் இருந்தார்கள். சமணத்தின் திகம்பரப் பிரிவுத் துறவிக்குரிய 28 அடிப்படை ஒழுக்கங்களில் வெறுந்தரையில் படுப்பதும் ஒன்று. கரூர் மாவட்டத்தில், புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு சமணத் துறவிக்குச் சேர இளவரசன் குடைவித்த உறைவிடத்தைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு சொல்கிறது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற சமணக் குகையிலுள்ள 17 கற்படுக்கைகளில் தலைப்பக்கம் சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லில் படுத்தவருக்கும் தலைக்கு ஓர் உயரம் வேண்டியிருந்தது.

மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகைக்குக் கொடை கொடுத்தவர்களின் பட்டியல் இன்னும் வியப்பானது. உப்பு வணிகன், கொழு வணிகன் ஆகியோரோடு ஒரு துணி வணிகனும் அதில் இருக்கிறான். துணி விற்றவன் துணி இல்லாத படுக்கைக்குப் பொருள் கொடுத்திருக்கிறான்! அவன் தன் தொழிலை வெறுத்து அதைச் செய்ததாக எங்கும் இல்லை. ஐவர்மலையில் கி.பி. 870-இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்தபோது 505 காணம் பொன் வைக்கப்பட்டது. வழிபாட்டுக்கும் ஒரு துறவியின் உணவுக்குமான பொன் அது. எதுவும் வைத்துக்கொள்ளாதவரைத் தாங்க, வைத்திருப்பவர் வேண்டும். இல்லறத்தானும் கல்லிலேயே படுக்க வேண்டும் என்று சமணம் கேட்கவில்லை. உடைமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொன்னது.

பௌத்தம் வேறொரு வழி வைத்தது. உயர்ந்த, ஆடம்பரமான படுக்கையைத் தவிர்ப்பது எட்டுச் சீலங்களில் கடைசி. இலங்கையில் போயா எனும் முழுநிலவு நாட்களில் வெள்ளையுடுத்திச் சீலம் எடுக்கும் இல்லறத்தார் அன்று ஒருநாள் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்; மறுநாள் தங்கள் கட்டிலுக்குத் திரும்புகிறார்கள். இதைப் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. சுகத்தைத் தன்னால் இறக்கிவைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஒருநாள் கிடைக்கிறது.

உமாசுவாதியின் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், உடைமை என்பதைப் பொருளில் காணாமல் பொருள்மேல் ஏறும் பற்றில் காண்கிறது. அப்படியானால் தலைமாட்டுப் பலகை குற்றமற்றது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கும் மனத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஆழமான வரையறை. ஆனால் இந்த மண்டலத்துக்கு அது மட்டும் போதாது. பற்றே இல்லாமல் வாங்கிய துணியும் ஓர் ஆற்றைக் கெடுத்திருக்கலாம். நொய்யல் ஆற்றில் கலந்த திருப்பூர்ச் சாயக்கழிவு, பாசனத்துக்காக 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையை விவசாயிகளே நீர் திறக்க வேண்டாம் என்று சொல்லும் இடமாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கொல்லாமையை மயிற்பீலியால் பூச்சியை ஒதுக்கும் அளவுக்கு நுணுக்கமாக எண்ணிய சமண மரபு, மீனும் பயிரும் சாவதை எண்ணாமல் விட்டிருக்காது. படுக்கை மெத்தென்றிருக்கிறதா என்பதைவிட, அதன் நிறம் யாருடைய தண்ணீரில் ஏறியது என்பதே இங்கே கனமான கேள்வி.

அந்தக் கேள்வியோடு பலகை செய்ய உட்கார்ந்தால் சில தெரிவுகள் மாறும். சாயம் ஏறாத காடாத் துணியே மேல்துணியாகப் போதும். பெட்ரோலியத்திலிருந்து வரும் ஃபோம் சில ஆண்டுகளில் பொடியாகிக் குப்பைக்குத்தான் போகும். அதற்குப் பதில் பருத்தி கட்டிங் வேஸ்ட்டை நெருக்கி அடைக்கலாம். கட்டி தட்டாமல் அடைக்கக் கூடுதலாக ஒரு மதியம் பிடிக்கும். பின்னாளில் பலகையைப் பிரித்தாலும், அந்தத் துண்டுகளைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன.