கேட்காத சம்மதம்

பீரோவுக்குப் பின்னால், என் பழைய பருத்திப் புடவைமேல் பூனை 4 குட்டிகள் ஈன்றது. அது நக்கிவிட்டால்தான் குட்டிகளுக்கு மூத்திரம்கூடப் போகும். மூன்றாம் வாரமே மதில்மேல் ஒரு கடுவன் கத்தத் தொடங்கியது. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடை என்று முடிவுசெய்தேன். பெண்ணுடல் பெண்ணின் உரிமை என்று வகுப்பில் பேசுகிறவள் நான்! பூனைக்கு மொழியில்லை, எப்படிக் கேட்பது என்பது என் சமாதானம். மொழியிருந்த அம்மாவிடமும் யாரும் கேட்கவில்லை. தம்பி பிறந்த அன்று அப்பா கையெழுத்திட்டார், முடிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே” என்றாள்.

குறித்த நாளில் பூனை தானாகவே கூடைக்குள் ஏறிப் படுத்தது. அதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.