சீரான மின்னழுத்தமும் இருவினையொப்பும்

மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது தொழிற்கூட இயந்திரத்தைக் காப்பது ஸ்டெபிலைசர். வடசென்னையில் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியிலும் திருவொற்றியூர் லேத் பட்டறையிலும் ஆயுத பூஜையன்று மற்ற இயந்திரங்களுக்கு வைக்கும் சந்தனப் பொட்டு இந்தப் பெட்டிக்கும் உண்டு. அது வேலை செய்யும் விதம் சமய நூல்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் ஒரு கேள்வியைத் தொடுகிறது. நிலைகுலையாமை என்பது அசையாதிருப்பதா, ஓயாமல் திருத்திக்கொள்வதா? அதற்கான விலையைக் கொடுப்பது யார்?

வடசென்னைக்கு மின்சாரம் தூரத்துப் பொருள் அல்ல. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் இன்றும் ஓடுகிறது. ஆனால் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிவதால் பட்டறைக்கு நல்ல வோல்டேஜ் வந்துவிடாது. உற்பத்தியான மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறி, துணைமின்நிலையத்தில் இறங்கி, 11 கிலோவோல்ட் ஃபீடர் வழியாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. கம்பியின் கடைசியில் இருப்பவருக்கு லோ வோல்டேஜ். பக்கத்தில் பெரிய மோட்டார் ஒன்று கிளம்பினால் மேலும் ஒரு சரிவு.

மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 415 வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் விசை 81 சதவீதமாகிறது. ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசரின் சுமையோ குறைவதில்லை. மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடேறுகிறது, கடைசியில் காயில் எரிகிறது. சர்வோ ஸ்டெபிலைசர் இதைத் தடுக்கிறது. உள்ளே ஒரு சுற்று வெளிவரும் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க, சிறு மோட்டார் ஒன்று கார்பன் பிரஷ்ஷைச் சுருளின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தும். குறைந்தால் கூட்டும், மிகுந்தால் கழிக்கும். வெளியே அசைவின்மை தெரிய, உள்ளே பிரஷ் தேய்ந்துகொண்டிருக்கிறது.

சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று ஒரு நிலையைச் சொல்கிறது. நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி உயிர் நிற்கும் நிலை அது. அங்கும் பயன்கள் வருவது நிற்பதில்லை. உடல் உள்ளவரை பிராரத்தம், அதாவது பயன்தரத் தொடங்கிவிட்ட பழவினை, தொடரும். இதுவரை ஒப்புமை பொருந்தும். ஆனால் ஸ்டெபிலைசர் வருவதையே மாற்றுகிறது. இருவினையொப்பில் மாறுவது வருவதன்மேல் உள்ள பற்று. ஆகவே பெட்டியை ஞானிக்கு உவமையாக்குவது அவசரம். திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தார் தேர்ந்தது இன்னொரு வழி, செல்வத்தை முற்றாக விட்டு விலகுவது. மின்துறைக் கணக்கில் அது இணைப்பைத் துண்டிப்பது. துறவிக்குச் சரி, ஐஸ் ஃபேக்டரிக்கு ஆகாது.

இணைப்பில் இருப்பவருக்கு அண்டைவீட்டார் உண்டு என்பதில்தான் கேள்வி கனக்கிறது. ஸ்டெபிலைசர் மின்சாரத்தைச் சேமித்து வைப்பதில்லை. உள்வரும் அழுத்தம் பத்து சதவீதம் குறையும்போது அதே திறனைத் தர, கம்பியிலிருந்து சுமார் 11 சதவீதம் கூடுதல் மின்னோட்டத்தை எடுக்கும். ஹீட்டர் போன்ற சுமைகளில் வேற்றுமை தெளிவு: ஸ்டெபிலைசர் இல்லையென்றால் அழுத்தம் குறையும்போது அவை இழுக்கும் மின்னோட்டமும் குறையும், வைத்தபின் கூடும். மின்னோட்டம் கூடினால் கம்பியின் இழப்பு கூடும், அடுத்த கூடத்துக்குப் போகும் அழுத்தம் இன்னும் இறங்கும். அவரும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவார். வாங்க வசதியில்லாத பட்டறை எல்லோருடைய சமநிலைக்கும் சேர்த்துத் தன் காயிலைக் கொடுக்கும்.

ஒற்றியூர்க் கோயிலுக்கு அடிக்கடி வந்து பாடிய இராமலிங்க அடிகள் பிற உயிரின் வாட்டத்தில் தாமும் வாடுவதையே வழிபாடாக வைத்தவர். எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணும் அவரது ஆன்மநேய ஒருமைப்பாட்டை ஏற்றால், தனியே பெற்ற சமநிலையைச் சமநிலை என்று சொல்வது கடினம். அதற்காக, எரியும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி உரிமையாளரிடம் சொல்வதும் நியாயமல்ல.

தெருவுக்கே பயன்படும் திருத்தங்களும் உள்ளன. துணைமின்நிலைய டிரான்ஸ்ஃபார்மரின் டேப் மாற்றும் கருவி ஃபீடர் முழுவதன் அழுத்தத்தையும் சேர்த்து உயர்த்தும். கூடத்துக்குள்ளேயே வைக்கும் கெபாசிட்டர் இன்னும் கவனத்துக்குரியது. மோட்டார் கம்பியிலிருந்து எடுக்கும் வீண் மின்னோட்டத்தை அது குறைப்பதால், வைத்தவர் ஒருவராயினும் பக்கத்துப் பட்டறையிலும் வோல்டேஜ் சற்று ஏறும். பெரும்பாலோர் அதை வைப்பது பவர் ஃபேக்டர் குறைந்தால் கட்டணத்தோடு அபராதம் வரும் என்பதால்தான். அடிகள் கேட்ட ஈரம் அதில் இல்லை. ஏறும் வோல்ட் மட்டும் அதே அளவுதான்.