விலக்காமை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நான் கொரிய மொழிபெயர்ப்பாளர். கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துச் சொல்லை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. இயந்திரத்தின் பெயர், தேதி, விலை எல்லாம் சுலபம். தமிழில் கொண்டுவர முடியாமல் என்னிடமே தங்கிவிட்ட சொல்லை நான் தொழிற்சாலையில் கேட்கவில்லை. ஒரு சரித்திரத் தொடரில் கேட்டேன். ஸுங்-உன். அரசன் அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தியைத் தன் படுக்கைக்கு எடுத்துக்கொண்டால் அவள் ஸுங்-உன் பெற்றாள் என்பார்கள். சீன எழுத்தாகப் பிரித்தால் முதல் எழுத்து ஏற்றுக்கொள்வது, இரண்டாவது அருள். இன்றைக்குக் கொரியக் கிறிஸ்தவர்கள் கடவுளின் கிருபையைச் சொல்லும் வார்த்தையிலும் அதே இரண்டாவது எழுத்துதான் இருக்கிறது.

அருள் பெற்றாள் என்று மொழிபெயர்த்தால் பிழையில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லை அந்த இடத்தில் வைக்க வாய் வரவில்லை.

கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி 2021 நவம்பரிலிருந்து 2022 ஜனவரி முதல் தேதி வரை ஒளிபரப்பிய 17 பகுதித் தொடர் அது. காங் மி-காங் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘சட்டைக் கையின் சிவப்பு விளிம்பு’. பணிப்பெண்களின் மேலாடைக் கை முனையில் இருக்கும் சிவப்புத் துணி, இவள் அரசனுக்கு உரியவள் என்பதன் அடையாளம். அரசன் அவளை ஏறிட்டுப் பார்க்காமலே அறுபது வருஷம் போனாலும் அவள் அவனுக்கு உரியவள்தான். வேறொருவனை நேசிக்கக் கூடாது. தொடரில் கதாநாயகியின் தோழி ஒருத்தி அப்படி நேசித்ததற்காகவே உயிரை இழக்கிறாள்.

கதையின் அடிப்படை நிஜமானது. அரசன் சோசன் வம்சத்தின் ஜோங்ஜோ. 1776-லிருந்து 1800 வரை ஆண்டவர், இயற்பெயர் ஈ சான். அவருக்குப் பத்து வயது நிரம்பும் முன்பே, 1762-ல், தாத்தா யோங்ஜோ அவருடைய தந்தை சாதோ இளவரசரை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். கோடைக் காலம். எட்டு நாள் ஆயிற்று. பெண்ணின் பெயர் சொங் தொக்-இம். ஜோங்ஜோவின் தாயார் அரண்மனையில் வைத்து வளர்த்த பெண். புத்தகப் பித்து. 1773-ல் ஜோங்ஜோவின் தங்கைகளோடு உட்கார்ந்து பத்துத் தொகுதி நாவல் ஒன்றைக் கையால் நகலெடுத்தவர்களில் ஒருத்தி.

1766-ல், இளவரசராக இருந்த ஜோங்ஜோ அவளிடம் தன் மனத்தைச் சொன்னார். இரண்டு பேரும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். அவள் அழுதாள், இளவரசரின் மனைவிக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை, நான் அதற்கு உடன்பட மாட்டேன் என்று உயிரைப் பணயம் வைத்து மறுத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, அரசரான பின், மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தாள். இந்த முறை அவர் அவளுடைய பணியாட்களைக் கடிந்து தண்டித்தார். அதற்கப்புறம்தான் அவள் இணங்கினாள்.

இதையெல்லாம் எழுதி வைத்தது அரண்மனை எதிரிகள் இல்லை, அரசரேதான். 1786-ல், அவர்களுக்குப் பிறந்த மகன் இறந்த சில மாதத்திலேயே, வயிற்றில் இன்னொரு பிள்ளையோடு அவள் 33 வயதில் இறந்தபோது, கல்லறைக்கான வாசகத்தைத் தானே எழுதினார். கல்லறைக்குள் உடலுக்குப் பக்கத்தில் புதைக்கிற வகை வாசகம் அது. அவளுடைய அடக்கம், சிக்கனம், பொறுமை என்று புகழ்வதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு மறுப்பையும் எழுதினார், தண்டனையையும் எழுதினார். மண்ணுக்கடியில் போகப்போகிற எழுத்தில் ஒரு மனிதன் யாருக்கு இதைச் சொல்கிறான் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். புகழ்ச்சிக்காக எழுதினார், அவள் எவ்வளவு ஒழுக்கமானவள் என்று காட்ட எழுதினார் என்று சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. பணியாட்களின் தண்டனை அவளுடைய ஒழுக்கத்துக்குச் சாட்சி இல்லை. அது அவருடைய பொறுமை தீர்ந்துபோன இடத்துக்குச் சாட்சி.

தொடரை அப்பாவோடுதான் முழுதாகப் பார்த்தேன். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் அவர் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எழுபத்தெட்டு வயதில் புத்தகத்தைத் தொடாமல் இருந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை. திண்ணையை ஒட்டிய அறையில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார், நான் லேப்டாப்பில் ஓடவிட்டு வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். ஸுங்-உன் வந்த இடத்தில் நின்றேன். எழுத்தைப் பிரித்துச் சொன்னேன்.

“அருளா? அப்போ அவ வேண்டாம்னு சொல்லலாமோ?” என்றார்.

“சொல்லக் கூடாது, அப்பா. ஆனா சொன்னா. ரெண்டு தடவை.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவர் பிள்ளை லோகாசாரியாரின் ஸ்ரீவசனபூஷணத்தைப் பெரியவர்களிடம் காலட்சேபமாகக் கேட்டவர். பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போவது போலப் பெருமாள் ஜீவனைத் தூக்கிக்கொண்டு போகிறார், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது எங்கள் தென்கலை சம்பிரதாயம். குட்டி பிடித்துக்கொள்ளவே வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் வேண்டும், அதற்குப் பெயர் விலக்காமை. வருகிற கையைத் தள்ளாமல் இருப்பது. சின்ன வயதில் இதைக் கேட்டபோது, இது ஒரு செயலே இல்லையே, சும்மா இருப்பதுதானே என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அப்பா அதைத் திருப்பிப் போட்டார். விலக்காமை வேணும்னு ஆசாரியர்கள் சொல்றான்னா, விலக்க முடியும்னு அர்த்தம் இல்லையா, இத்தனை பெரியவர் கையைக்கூட இந்தத் துளி ஜீவன் தள்ளலாம், அவர் தள்ளவிட்டுண்டு காத்துண்டிருக்கார், எத்தனை ஜென்மமானாலும் என்றார்.

அரசனிடம் அத்தனை ஜென்மம் இல்லை. ஜோங்ஜோ பதினைந்து ஆண்டு காத்தார். மனிதக் கணக்கில் அது சாதாரணம் இல்லை. அந்தக் காலத்து அரசனிடம் அந்த அளவு காத்திருப்பை யாரும் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள். அவரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பணியாட்கள் தண்டிக்கப்பட்ட அந்த நாளில் அருள் என்ற சொல் அருள் இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் அவள் சரி என்றதை விலக்காமை என்று எப்படிச் சொல்வது? வாரிசு வேண்டும் என்று மந்திரிகள் கேட்டார்கள், நாட்டுக்கு அவசியம் என்ற நியாயமெல்லாம் இருக்கிறது. அந்த நியாயம் அவள் மனத்துக்குள் போக வழி இல்லை.

தொடர் இதற்கு என்ன பதில் வைக்கிறது என்று பார்க்கத்தான் கடைசிப் பகுதிக்காகக் காத்திருந்தோம். சாகக் கிடக்கிற தொக்-இம் (லீ சே-யங் நடித்தது) தோழிகளைத்தான் தேடுகிறாள். அரசன் (லீ ஜுன்-ஹோ) வந்து நிற்கிறான். அவள் கேட்பது இதுதான்: அடுத்த பிறவியில் என்னைப் பார்த்தால் தெரியாதவர் போல் கடந்து போய்விடுங்கள்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நமக்கு ஏழேழு ஜென்மத்துக்கும் நீயே கணவனாக வேண்டும் என்ற பேச்சுதான் பழக்கம். விட்ட குறை தொட்ட குறை என்போம். கொரியர்களிடமும் இன்யோன் என்ற சொல் உண்டு, பௌத்தத்திலிருந்து வந்தது. ஆடை விளிம்பு உரசினால்கூட அது இன்யோன் என்பார்கள். அரண்மனையின் கன்பூசிய நெறியில் மறுபிறவிக்கு இடமில்லை. புத்த பிக்குகள் தலைநகருக்குள் நுழையவே தடை இருந்த ஆட்சி அது. (அந்த ஜோங்ஜோவே அவள் இறந்த நான்காம் ஆண்டு, 1790-ல், தந்தையின் ஆன்ம சாந்திக்காக யோங்ஜுசா என்ற புத்த விகாரை எழுப்பினார், துக்கம் வந்தால் நெறி வழிவிடுகிறது.) மதில் சுவருக்கு வெளியே இருக்கிற அந்தப் பாஷையில்தான் தொக்-இம் பேசுகிறாள், சேர்வதற்காக இல்லை, பிரிவதற்காக.

என் மனத்தைக் குத்தியது வேறொன்று. அடுத்த பிறவியின் விடுதலையைக்கூட அவள் அவனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கடந்து போக வேண்டியவன் அவன். விலக்க அவளுக்கு வலு இல்லாத உலகத்தில், நீங்களாக விலகுங்கள் என்று வேண்டுகிறாள்.

என்மேல் உனக்குக் கொஞ்சமும் மனம் இல்லையா என்று அவன் கேட்கிறான். இன்னுமா தெரியவில்லை, உண்மையிலேயே பிடிக்காமல் இருந்திருந்தால் எப்படியாவது ஓடிப்போயிருப்பேன், உங்கள் பக்கத்தில் தங்கியது என் தேர்வுதான் என்கிற பொருளில் பதில் சொல்கிறாள். முதல் தடவை பார்த்தபோது, அழுகிறவனுக்குக் கருணையாகச் சொன்ன பொய் என்றே நினைத்தேன். ஓட ஏது வழி? இப்போது அப்படி நினைக்கவில்லை. அவளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், தோழியையும் பிள்ளையையும் கூட. தங்கினேன் என்ற வினையில் தன்னை எழுவாயாக வைத்துக்கொள்வது மட்டும் அவள் கையில் மிச்சம் இருந்தது. அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் அவனை நேசித்தாள் என்று நான் நம்புவது அந்தப் பதிலைக் கேட்டல்ல. அடுத்த பிறவி வேண்டாம் என்று அதே மூச்சில் சொல்ல அவளால் முடிந்ததே, அதைக் கேட்டு.

அப்புறம் ஒரு காட்சி. அவள் பணிப்பெண்ணாக இருந்த நாளின் உடையை அரசன் எடுத்துப் பார்க்கிறான். சிவப்பு விளிம்பு வைத்த கை. இவ்வளவு சின்ன உருவமா இவள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, உடைந்து அழுகிறான். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த ஒருத்தியின் தோள் அளவு.

வேலையாக சியோல் போனபோது ஹியோச்சாங் பூங்காவுக்கு நடந்தேன். தொக்-இம்மும் அவள் பிள்ளையும் முதலில் அடக்கமான குன்று அதுதான். 1944-ல், ஜப்பானியர் ஆட்சியில், இரண்டு கல்லறைகளையும் கோயாங் ஊரின் சொசாம்னுங் வளாகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அம்மா அரசர்களின் துணைவியர் கல்லறைகளோடு ஓரிடத்தில், பிள்ளை வேறோரிடத்தில். குன்றில் இப்போது கிம் கு முதலான விடுதலைப் போராட்ட வீரர்கள் துயில்கிறார்கள், பக்கத்தில் ஒரு விளையாட்டரங்கம். பைன் மர நிழலில் வயதானவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டியின் குளிர்ச்சட்டைக் கை என் கையில் உரசியது. தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

ஊர் திரும்பியதும் அப்பா தொடரின் கடைசிக் கட்டத்தை மறுபடி சொல்லச் சொன்னார். 1800, அரசனின் அந்திம காலம். அவள் அறையில் கண் விழிக்கிறான், அவள் உயிரோடு இருக்கிறாள். கனவோ மரணமோ தெரியவில்லை. உங்கள் இடத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று அவள் அனுப்புகிறாள். வெளியே வந்தவன் திரும்பிவிடுகிறான். இங்கேதான் இருப்பேன் என்கிறான். என்னை நேசி என்று கேட்கிறான். கட்டளையாக இல்லை, கெஞ்சலாக. அந்தக் குரல் வித்தியாசத்தைத் தமிழில் கொண்டுவர நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“அவ விலக்கினாளோ?” என்றார் அப்பா.

“முதல்ல போகச் சொன்னா.”

“அப்புறம்?”

“அப்புறம் விலக்கலை, அப்பா.”