முன்பணம் யாருடைய பணம்?

ஆவுடையார்கோவில் என்றவுடன் தமிழுலகம் நினைவுகூர்வது திருப்பெருந்துறை வரலாற்றையே. குதிரை வாங்கி வருமாறு பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பொருளை அமைச்சர் மாணிக்கவாசகர் கோயிற் பணிக்குச் செலவிட்டார் என்பது அவ்வரலாறு. அதன் உட்பொருளை உரைக்க வேண்டியவர்கள் சைவப் பெருமக்கள். அது நம் வேலையன்று. ஆயினும் இவ்வட்டாரத்தில் அரபும் தமிழும் போதித்துக் காலங்கழிக்கும் எனக்கு, ஒருவர் நம்பி ஒப்படைத்த பணம் யாருடையது என்ற வினா இவ்வூர்ப் பெயரோடு சேர்ந்தே தோன்றும். அவ்வினா இன்று நம் வீட்டு வாசலில் வேறு உருவில் நிற்கிறது.

மே மாத விடுமுறையில் மீமிசல், கோபாலபட்டினம் பகுதிக் குடும்பங்கள் கொடைக்கானலில் காட்டேஜ் எடுத்துத் தங்குகின்றன. நாகூர்க் கந்தூரிக்குச் செல்வோர் தர்காவை அடுத்த தெருக்களில் வீடோ அறையோ பிடிக்கின்றனர். வெளிநாட்டில் வாழும் நம்மவர் சிலர், பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கல்யாண விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடுகின்றனர். வாடகைக்கு மேல், பொருள் சேதமானால் ஈடுகட்ட ஒரு தொகையும் முன்னரே வாங்கப்படுகிறது. அதையே நாம் அட்வான்ஸ் என்கிறோம். இடத்தை நிச்சயப்படுத்தக் கொடுக்கும் பணத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் அது ‘உர்பூன்’ என்னும் தனித் தலைப்பில் வருவது, இமாம்கள் கருத்து வேறுபட்டது. அதை இங்கே விட்டுவிடுவோம்.

ஈட்டுத் தொகைக்கு ஃபிக்ஹில் இடம் எது? ரஹ்ன் என்னும் அடைமானம் எனச் சொல்லத் தோன்றும். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின்படி, கடன் ஏற்படுமுன் அடைமானம் நிலைபெறாது. விருந்தினர் சாவி வாங்கும் வேளையில் அவர் எதையும் உடைக்கவில்லை, யாருக்கும் கடன்படவுமில்லை. ஆகவே அந்தப் பணம் அப்போது அமானிதமே. அமானிதத்தைத் தொட்டுச் செலவிட வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. அவர் தவறின்றி அது தொலைந்தால் ஈடு தரும் கடமையும் இல்லை. செலவிட அனுமதி பெற்றாரெனில் அது கடனாகிவிடும். தொலைந்தாலும் எரிந்தாலும் திருப்பித் தந்தே தீரவேண்டும். ஹழ்ரத் ஜுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பொருளை ஒப்படைக்க வந்தபோது, தொலைந்துவிடுமோ என அஞ்சி, அமானிதமாக ஏற்க மறுத்துக் கடனாகவே ஏற்றார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. பொறுப்பைக் கூட்டிக்கொள்வதற்காக அப்பெருமகனார் பெயரை மாற்றினார்கள். நம்மில் சிலரோ செலவிடும்போது கடன் என்றும், கேட்கும்போது ‘பத்திரமாக இருக்கிறது, பார்க்கலாம்’ என்றும் இரு பெயராலும் பயனடைகின்றனர்.

உண்மையான சிக்கல் புறப்படும் நாளில் எழுகிறது. வாசலில் வண்டி நிற்கிறது, பிள்ளைகள் ஏறிவிட்டனர். அப்போது வீட்டுக்காரர் கண்ணாடியில் ஒரு கீறலைக் காட்டுகிறார். அது நேற்று விழுந்ததா, சென்ற ஆண்டு விழுந்ததா என்று யார் சொல்வது? வழக்காடுபவர் அவரே, சாட்சி அவரே, தீர்ப்பளிப்பவரும் அவரே. பணமும் அவர் கையில். வாடகைக்கு இருப்பவர் அப்பொருள்கள் மீது நம்பிக்கைக்குரியவராகவே ஃபிக்ஹில் கருதப்படுகிறார். வரம்பு மீறினாலோ அசட்டை செய்தாலோதான் ஈடு அவர் மேல். புழக்கத்தால் வரும் தேய்மானம் உடையவரைச் சேர்ந்தது. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் நம் நகர வழக்கத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

‘அவர் ஒன்றும் சொல்லாமல்தானே போனார்’ என்பார்கள். பலர் முன்னிலையில் வெட்கத்துக்கு அஞ்சிக் கொடுத்ததை வாங்குவது பறிப்பதற்கு ஒப்பாகும் என்பது இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்களின் விளக்கம். ஊருக்கு வண்டியேற நிற்பவரின் மௌனம் சம்மதமாகாது. அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் பயணம், கைப்பற்றிய அடைமானம், நம்பியவருக்கு அமானிதத்தைத் திருப்புதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பேசுவது கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போகத் திருப்பவும் சொல்கிறது. தங்கும் விடுதிகள் அதன் எல்லைக்குள் வரா. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் குடியிருப்போரின் முன்பணத்தை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அங்கும் விடுமுறைத் தங்கல் அதில் அடங்காது. ஆக, சில நாள் தங்குபவருக்கு இரு நாட்டிலும் இந்தக் காவல் இல்லை.

நம் நூல்களில் ஒரு வழி இருக்கிறது. பயிலுகிறோமே தவிர வழங்குவதில்லை. அடைமானப் பொருளை இருவரும் நம்பும் மூன்றாமவரிடம் வைக்கலாம். அவருக்கு ‘அத்ல்’ என்று பெயர். நாகூரில் அடுத்த கடைக்காரரோ, கொடைக்கானலில் பள்ளிவாசல் முத்தவல்லியோ இதைச் செய்ய முடியாதா? இயலாதபோது, சாவி கொடுக்கும் நேரத்தில் இருவரும் சேர்ந்து அறையைச் சுற்றிவந்து, இருக்கும் கீறலையும் உடைசலையும் தாளில் எழுதிக் கையொப்பமிடலாம். இன்று கைப்பேசியில் படமே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: வீட்டுக்காரர் இறந்தால் இத்தொகை வாரிசுச் சொத்தன்று, பங்கு பிரிக்குமுன் தனியே எடுத்து வைக்கவேண்டியது. ஜுபைர் (ரலி) மறைந்தபோது 22 லட்சம் கடன் இருந்தது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்த பின்னும், வாரிசுகள் பாகம் கேட்டபோது உடனே பிரிக்கவில்லை. தந்தையிடம் வரவேண்டியது உள்ளவர் வரட்டும் என நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பிறகே பங்கிட்டார்கள்.